சந்தேகக் கூடை

ஜூலை 3, வியாழன்

எங்கள் கொட்டகைக்கு இன்று அரவை மிஷின் வந்து இறங்கியது. ஞானதுரை அண்ணாச்சி வேதக்காரர், அதனால் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். மிஷின் கொண்டுவந்த லாரிக்காரர் அதன் காலடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். இரண்டு பக்கமும் சொல்லிவைத்தாயிற்று.

இத்தனை வருசமும் பழைய தண்ணீர் பாட்டில், கலர் பாட்டில், எண்ணெய் பாட்டில் எல்லாவற்றையும் பிரித்து, நசுக்கி, கட்டுக் கட்டாக அனுப்பினோம். இனிமேல் இங்கேயே அரைத்துச் சில்லாக்கி மூட்டை போடவேண்டும். மதுரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நூல் கம்பெனி அதைக் கழுவி உருக்கி நூலாக இழுக்கும்.

மிஷினைப் போட்டதும் தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்தில் இருக்கிற மரியபுஷ்பம் வாயை வாயை அசைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மிஷின் நின்றதும் என்னடி சொன்னாய் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மதினி, ஒங்கள ஏசிப் பாத்தேன். காதுல விழல. நல்ல மிஷின்."

இந்த டைரி அண்ணாச்சி பொங்கலுக்குக் கொடுத்தது. ஆறு மாதம் சும்மா கிடந்தது. பேத்தி யாழினிதான், "ஆச்சி, கொட்டகையில நடக்கிறத எழுதுங்க, நான் வாசிக்கிறேன்" என்றாள். ஏழாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பத்து வயசில் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போய்விட்டேன். ஆனாலும் என் வயசில் பேப்பர் வாசிக்கிறவள் கோவில்பட்டியில் எங்கள் தெருவிலே நான் ஒருத்திதான்.

ஜூலை 4, வெள்ளி

கோமுவுக்கு வேலை காட்டிக்கொடுத்தேன். சங்கரன்கோயில் பக்கத்துப் பிள்ளை, வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. புருசன் கேரளாவில் பரோட்டாக் கடைக்குப் போனவன், போன் வந்தே ஒரு வருசம் ஆயிற்றாம். ரெண்டாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. கொட்டகைக்கு நடக்கிற தூரத்தில் ஒற்றை அறை எடுத்து இருக்கிறாள்.

மூடியைத் திருகுவது, கழுத்து வளையத்தை வெட்டுவது, லேபிளைக் கிழிப்பது, வெள்ளை, நீலம், பச்சை என்று பிரிப்பது, இதெல்லாம் யாரும் செய்வார்கள். கஷ்டம் எல்லாம் பி.வி.சி. பாட்டிலில்தான். பார்வைக்கு நல்ல பாட்டில் மாதிரியே இருக்கும், ஆனால் அது தண்ணீர்க் குழாய் செய்கிற சரக்கு. நல்ல பாட்டிலைக் கவிழ்த்தால் அடியில் நடுவில் பொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி இருக்கும். பி.வி.சி.க்கு அடியில் குறுக்கே கோடு. மடக்கினால் மடிப்பு வெளுக்கும். மூட்டைக்கு நாலைந்து கலந்தால் போதும், உருக்கும்போது கறுத்துப்போய் நூல் அறுந்து அறுந்து விழும்.

எங்கள் கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொருத்தியும் தன் பழைய சேலையில் கிழித்த துண்டால்தான் தன் மூட்டையைக் கட்டுவாள். அரைத்தபின் சில்லு மூட்டைக்கும் அதே துண்டு. யார் கை பட்டது என்று கம்பெனி வரைக்கும் தெரியும். கோமு காவியில் வெள்ளைப் பூப் போட்ட துண்டு வைத்திருக்கிறாள்.

சந்தேகம் வந்த பாட்டிலை மூட்டையில் போடக்கூடாது. பக்கத்தில் ஒரு கூடை இருக்கும், அதில் போடவேண்டும். நான் ஒவ்வொரு கூடையாகப் போய் இது ஆகும், இது ஆகாது என்று தீர்ப்புச் சொல்வேன். பன்னிரண்டு வருசமாக அது என் வேலை. அதனால் எனக்கு மூட்டையும் கிடையாது, சேலைத் துண்டும் கிடையாது. என் வாய்ச்சொல்தான்.

ஜூலை 7, திங்கள்

கோமுவின் கூடை மத்தியானத்துக்குள் நிறைந்து வழிந்தது. பழகின பெண்கள் ஒருவர் கூடையிலும் ஒன்றிரண்டுக்கு மேல் விழாது. கூடை நிறைந்தால் கை பழகவில்லை என்று பேச்சு வரும், அதனால் யாருக்கும் அது பிடிக்காது. இவளுக்கு அந்தக் கூச்சமே இல்லை.

ஒவ்வொன்றாக எடுத்து, மடக்கிப் பார்த்து, முக்கால்வாசியை அவள் மூட்டைக்கே திருப்பிப் போட்டேன். அவள் ஒன்றை எடுத்து என் காதருகே வந்து கத்தினாள்.

"பெரியம்மா, இதுல கோடு இருக்கே?"

"எங்கட்டி கோடு? அது மண்ணு. தொடச்சுப் பாரு."

"தொடச்சிட்டேன் பெரியம்மா."

"இன்னும் நல்லாத் தொடச்சுப் பாரு. ஒரு மாசத்துல நீ எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா?"

அவள் அடுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டாள். நல்ல பிள்ளைதான். கொஞ்சம் பயந்த சுபாவம், போகப் போகச் சரியாகும்.

ஜூலை 9, புதன்

இந்தப் பேனா சரியில்லை. மை மங்கலாக இறங்குகிறது. வேறு வாங்கவேண்டும்.

ஜூலை 12, சனி

வாசலில் வைத்திருக்கிற நாய் பாட்டிலுக்குத் தண்ணீர் மாற்றினேன். இரண்டு லிட்டர் பாட்டிலில் சொட்டு நீலம் கலந்து வாசலில் வைத்தால் நாய் வந்து கால் தூக்காது. கொட்டகையிலிருந்து நல்ல கனமான பாட்டிலாகப் பார்த்து இந்தத் தெருவுக்கே நான்தான் கொடுத்திருக்கிறேன். வீட்டிலும் பருப்பு, கடுகு, நல்லெண்ணெய் எல்லாம் நான் கொண்டுவந்து வெந்நீரில் அலசி வைத்த பாட்டில்தான். யாழினி பக்கவாட்டில் வெட்டி மண் நிரப்பிப் புதினா வைத்திருக்கிறாள். ஜன்னலில் கட்டித் தொங்குகிறது, பார்க்க அழகு.

சோற்றில் கல் கிடந்தது என்று மருமகள் ஜெயராணி சொன்னாள். அரிசி நான் பார்த்ததுதான். ரேஷன் அரிசி அப்படித்தான் வரும்.

"அத்தே, மாரியம்மன் கோயில் பக்கம் கண்ணு முகாம் போடுறாங்களாம். ஒரு நடை போயிட்டு வந்திருவோமா?"

"யாருக்கு? ஒனக்கா?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அடுப்படி பல்பையும் மாற்றவேண்டும். எல்லாம் மங்கல் பல்பாக வாங்கிவருகிறான் என் மகன்.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

இன்றைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. ஆடிக் காற்று வந்த வேகத்தில் அம்பாரமாகக் குவித்திருந்த பாட்டில் அத்தனையும் வேலியைத் தாண்டி ரோட்டுக்கு ஓடின. ஒன்பது பெண்களும் பின்னாலேயே ஓடினோம். பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் வேடிக்கை பார்த்தார். மரியபுஷ்பம் நடு ரோட்டில் நின்று, "போங்கடி, எங்க போனாலும் கடைசியில எங்கிட்டதான் வருவீங்க" என்று பாட்டில்களைப் பார்த்துச் சொன்னாள்.

நான் வேலிக் கம்பி தடுக்கி விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு. கோமு தூக்கிவிட்டு, "கம்பி தெரியலையா பெரியம்மா?" என்று கேட்டாள். காற்றில் கண்ணில் தூசி விழுந்தால் யாருக்குத் தெரியும்?

ஜூலை 19, சனி

முதல் சில்லு லோடு போயிற்று. நாற்பது மூட்டை. அண்ணாச்சி லாரி திரும்புகிற வரைக்கும் கையாட்டிக்கொண்டு நின்றார். இதற்காகத் தோட்டத்தை அடமானம் வைத்திருக்கிறார் என்று மரியபுஷ்பம் சொன்னாள்.

ஜூலை 22, செவ்வாய்

லோடில் பதினோரு மூட்டை திரும்பி வந்துவிட்டது.

லாரி டிரைவர் ஒரு தகரத் தட்டைக் கொண்டுவந்தார். கம்பெனியில் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கை சில்லு எடுத்துத் தட்டில் பரப்பி அடுப்பில் வைப்பார்களாம். நல்ல சில்லு அப்படியே இருக்கும். பி.வி.சி. கறுத்துவிடும். அவர் கொண்டுவந்த தட்டில் சோற்றில் மிளகு போட்ட மாதிரிக் கிடந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். இன்னொரு முறை இப்படி வந்தால் வாங்கமாட்டோம் என்று கம்பெனி சொல்லி அனுப்பியிருக்கிறது.

பதினொன்றில் ஒன்பது மூட்டையின் வாயில் காவியில் வெள்ளைப் பூத் துண்டு.

அண்ணாச்சி தட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். "சீனியக்கா, நீங்க பாக்கலையா?" என்று கேட்டார்.

நான் பார்க்காமல் எதுவும் போகாது என்றேன். கூடைக்கு வந்ததை நான் பார்த்தேன், கூடைக்கே வராமல் மூட்டைக்குள் போனதற்கு நான் என்ன செய்யமுடியும் என்றும் கேட்டேன். கேட்டது நியாயம்தானே.

கோமு என் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

மிஷினை நிறுத்தச் சொன்னேன். நின்றது. எல்லாரும் கேட்கும்படி, "வேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. ஊரையெல்லாம் கெடுக்காத. ஒன் ஒருத்தி கையால ஒம்பது பேரு பொழப்பு போகணுமா?" என்றேன். இன்னும் ஒன்றிரண்டு சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றி மேசையில் மடித்து வைத்தாள்.

அண்ணாச்சி அவளை நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் வேலையை விட்டு நிறுத்தச் சொல்லவில்லை. அது அண்ணாச்சியாக எடுத்த முடிவு.

ஜூலை 23, புதன்

குழம்பில் உப்புக் கூடிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

நல்ல செய்தி. யாழினி பள்ளிக்கூடத்தில் பாட்டில் மறுசுழற்சி பற்றிப் பேச ஆள் தேடினார்களாம். இவள் எழுந்து, "எங்க ஆச்சி பன்னெண்டு வருசமா அந்த வேலதான் பாக்குறாங்க. கையில எடுத்த ஒடனே சொல்லிருவாங்க" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சரே எனக்குப் போன் பண்ணிக் கூப்பிட்டார்கள், அம்மா வாங்க என்று. நான் படித்து முடிக்காத பள்ளிக்கூடத்தில் என்னை நாற்காலி போட்டு உட்காரவைக்கப் போகிறார்கள்.

புதன்கிழமை. மாம்பழக் கலர் சேலை கட்டலாம் என்றிருக்கிறேன்.

மரியபுஷ்பம் ஒன்று சொன்னாள். கோமு அறையைக் காலி செய்கிறாளாம். வருகிற செவ்வாய் தாண்டி அடுத்த செவ்வாய்க்குள் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அந்த வீட்டு மதினி இவளை வாசலில் வைத்தே பேசுகிறவள் என்று எனக்குக் கோமுவே சொல்லியிருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டேன். நான் என்ன செய்ய?

ஜூலை 28, திங்கள்

அடுத்த லோடு சனிக்கிழமை போகிறது. அண்ணாச்சி கூடைக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்துப் போட்டேன். இந்தத் தடவை ஒரு கறுப்பும் வராது என்று அவரிடம் சொன்னேன்.

ஜூலை 30, புதன்

முழுவதையும் எழுதவேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒரு சாக்கில் முப்பது பாட்டில் கொண்டுபோயிருந்தேன், நல்லதும் ஆகாததும் கலந்து. பெரிய ஹால். வேப்பமரத்து நிழல். அறுபது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தும் சத்தமே இல்லை. டீச்சர் வளர்ப்பு அப்படி.

நான் சொன்னேன்: நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டுத் தூக்கிப்போடுகிற பாட்டில் சாக்கடையில் கிடந்தால் மழைத்தண்ணீர் போகாது. எங்கள் கையில் வந்தால் மூடி ஒரு பக்கம், லேபிள் ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம் போகும். மூடியை உருக்கி வாளி செய்வார்கள். பாட்டில் சில்லாகி, நூலாகி, தலையணைப் பஞ்சாகவும் துணியாகவும் வரும். நீங்கள் போட்டிருக்கிற சீருடையில்கூடப் பத்துப் பாட்டில் இருக்கலாம். ஒரு பிள்ளை உடனே தன் சட்டையை மோந்து பார்த்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து மடக்கி, "இது ஆகும், இது ஆகாது" என்று சொல்லிக்கொண்டே போனேன். டீச்சர் அடியைத் திருப்பிப் பார்த்து, சரி, சரி என்று தலையாட்டினார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். யாழினி முன்வரிசையில் முகம் பூரித்து இருந்தாள்.

அப்போது முன்னால் இருந்த ஒரு குட்டிப் பிள்ளை, சாக்கில் மீதி கிடந்த ஒரு பாட்டிலை எடுத்துக் கவிழ்த்து என்னிடம் நீட்டியது.

"ஆச்சி, இதுல பொட்டு எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டுங்க."

நான் வாங்கி, நடுவில் விரலை வைத்து, "இந்தா, இதுதான் பொட்டு" என்றேன்.

"இல்ல ஆச்சி. இதுல கோடுதான இருக்கு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் அதட்டினார்கள். நான் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். பாட்டில் தெரிந்தது. அடி வட்டமாகத் தெரிந்தது. அந்த வட்டத்துக்குள் பால் ஊற்றி வைத்த மாதிரி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

பிறகு கை தன்னால் அதை மடக்கிற்று. நல்ல பாட்டில் சடசடவென்று பேசும். இது மொத்தென்று அமுங்கியது. கேட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆகாத பாட்டில் என்று.

"ஆமா கண்ணு. ஆச்சி தப்பாச் சொல்லிட்டேன். இது கோடுதான்" என்றேன். அதற்குமேல் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

வருகிற வழியில் யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வழக்கமாக ரோட்டில் கையைப் பிடிக்கவிடமாட்டாள், பெரிய மனுஷி. ரயில்வே கேட் பக்கம் வந்தபோது கேட்டாள், "ஆச்சி, கண்ண மூடிக்கிட்டாக்கூட நீங்க சொல்லிருவீங்கல்ல?"

பிள்ளை ஆறுதலுக்குத்தான் கேட்டது.

நான் பார்த்துப் பிரிக்கவில்லை. எத்தனை நாளாகவோ தெரியாது, காதால்தான் பிரித்திருக்கிறேன். எனக்கே தெரியாமல் கை மடக்கும், காது கேட்கும், வாய் சொல்லும். கண்தான் பார்த்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காதுக்கு ஜூலை மூன்றாம் தேதியிலிருந்து மிஷின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

பக்கங்களைப் புரட்டி வாசித்தேன். தாளை முகத்துக்கு ஒட்டி வைத்தால் எழுத்துத் தெரிகிறது. முன்னால் எழுதினதைவிடப் பின்னால் எழுதின எழுத்துப் பெரிது பெரிதாக இருக்கிறது.

ஜூலை 22இல் எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். கோமு என் காதோரம் வந்து சொன்னது இதுதான்.

"பெரியம்மா, கூடையில போட்டதத்தான் நீங்க திருப்பிப் போட்டீங்க. நான் அண்ணாச்சிகிட்ட சொல்லமாட்டேன். நீங்க கண்ணுக்கு மட்டும் பாருங்க."

அதைக் கேட்டபிறகுதான் மிஷினை நிறுத்தச் சொன்னேன்.

பயந்த சுபாவம் என்று ஏழாம் தேதி எழுதியிருக்கிறேன். அவள் பயப்படவில்லை. கண் நன்றாகத் தெரிந்ததால் கூடை நிறைந்தது. மற்றவர்கள் கூச்சப்பட்டு எதையும் கூடையில் போடாததால் அவர்கள் மூட்டைக்கு என் கை அதிகம் போகவில்லை. அதிகம் கவனமாக இருந்தவள் மூட்டையில்தான் நான் அதிகம் குப்பையைக் கொட்டியிருக்கிறேன்.

நாளை மறுநாள் லோடு. அதிலும் என் கை பட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் மிஷின் போடுவதற்கு முன்னால் போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார்.

"எத்தன மூட்டை இருக்கும் சீனியக்கா?"

"தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சா நான் ஏன் இங்க நிக்கிறேன்?"

செங்கல் அடுப்பு மூட்டி, தகரத் தட்டில் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கை போட்டுப் பார்த்தார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மரியபுஷ்பம் கிளறினாள். நாற்றம் தொண்டையை அறுத்தது. ஏழு மூட்டை கறுத்தது. ஏழையும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை அனுப்பலாம் என்று முடிவு செய்தார். லோடு தப்பியது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நமக்கும் வயசாகுதுல்லா" என்று மட்டும் சொன்னார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைய நான் போகச் சொன்னேன். கூப்பிட எனக்கு மொகம் இல்ல. நீங்க போய்ப் பாக்கீங்களா?" என்றார்.

வீட்டில் ஜெயராணியிடம் சொன்னேன். திங்கள் சாயங்காலம் கண் முகாமுக்கு என் பேரை எழுதி வைத்திருக்கிறாள். அந்தச் சீட்டை மூன்று வாரமாக அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தாளாம். புரைதான், கழற்றிவிட்டால் சரியாகும் என்கிறாள். எனக்கு அவளைத் திட்டவும் வரவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

கோமு அறைக்குப் போனேன். வாசலில் கட்டு கட்டி வைத்திருந்தாள். இரண்டு சாக்கு, ஒரு பிளாஸ்டிக் குடம், பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. பிள்ளை ஒரு சாக்கைத் திண்டாக்கி அதன் மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தது.

"வாங்க பெரியம்மா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

சொன்னேன். கண்ணைச் சொன்னேன், பள்ளிக்கூடத்தைச் சொன்னேன், ஏழு மூட்டையைச் சொன்னேன். அண்ணாச்சி வரச் சொல்கிறார் என்றேன். அவள் ஒரு பாத்திரத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"யார்கிட்டச் சொன்னீங்க?"

"அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டேன்."

"எங்க வச்சு?"

"அவரு ரூம்புல."

"கதவச் சாத்திக்கிட்டா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"நான் ஒங்க காதோரம் வந்து சொன்னேன் பெரியம்மா. மிஷின் ஓடுது, யாருக்கும் கேக்காது, ஒங்களுக்கு மட்டும் கேக்கட்டும்னுதான் சொன்னேன். நீங்க என்ன செஞ்சீங்க? மிஷின நிறுத்தச் சொல்லிட்டுல்லா என்னைய ஏசுனீங்க." பாத்திரத்தைச் சாக்கில் போட்டாள். "அன்னைக்கு சாயங்காலம் தண்ணிக் குழாய்ல ஒருத்தி கேக்கா, ஊரக் கெடுத்தவ நீதானான்னு. எம்பிள்ள பக்கத்துல நிக்கிது. ஊரக் கெடுத்தவன்னா என்னம்மான்னு அது எங்கிட்ட கேக்குது."

அந்தச் சொல் என் வாயிலிருந்து போனது.

"என்ன செய்யணும்னு சொல்லு கோமு. செய்றேன்."

"எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க. மிஷின நிறுத்திட்டுச் சொல்லுங்க. அப்புறம் வாரேன்."

"நான் பெரியவ. ஒன் வீட்டுப் படியேறி வந்துட்டேன். அது போதாதா?" இப்படிக் கேட்டுவிட்டேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் கேட்டேன்.

"போதாது பெரியம்மா" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எங்கும் போகவில்லை. யாழினி தலை பின்னிக்கொள்ள வந்தாள். வகிடு கோணலாகப் போயிற்றாம். அவிழ்த்துவிட்டு, "பரவாயில்ல ஆச்சி, இன்னொரு தடவ எடுங்க" என்றாள்.

மூன்றாவது தடவை நேராக வந்தது. விரலால் தடவித் தடவி எடுத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கோமு காலையில் வந்து வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாள். காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற உருவம்தான் எனக்குத் தெரிந்தது. மற்றபடி அவள் முகம் எப்படி இருந்தது என்று சொல்லமுடியாது.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அண்ணாச்சியிடம் கையைக் காட்டினேன். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நிறுத்தினார். அது சுற்றி முடித்து அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. அந்த நேரம்தான் பெரிய நேரம். ஏழு பெண்களும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் பேச எத்தனை தடவை ஒத்திகை பார்த்தேன். இதற்கு ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"கோமு மூட்டையில கலந்தது கோமு இல்ல. நான்" என்றேன். "அவ சரியாத்தான் கூடையில போட்டா. எனக்குக் கண்ணு தெரியல. தெரியலங்கிறத ஒத்துக்க மனசில்லாம திருப்பி உள்ள போட்டேன். அவ அதக் கண்டுபிடிச்சு எனக்கு மட்டும் சொன்னா. அந்தக் கோவத்துலதான் ஒங்க முன்னால அவள ஏசுனேன். ஊரக் கெடுத்தவ நான்தான். தண்ணிக் குழாய்லயும் இதச் சொல்லுங்க."

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற மரியபுஷ்பம்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இனிமே கூடைய நான் பாக்கமாட்டேன். கோமு பாப்பா. அவளுக்கு இஷ்டம்னா."

வேலிக் கதவு கிரீச்சிட்டது. கோமு உள்ளே வந்தாள். என்னிடம் வந்து ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன், அழுவாளோ என்றும் நினைத்தேன். அவள் நேராக மேசைக்குப் போனாள். யாரோ கையுறையை எடுத்துக் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டாள். பக்கத்தில் ஒரு சாக்கை நகர்த்தி, எனக்கு உட்கார இடம் விட்டாள்.

"மிஷினப் போடுங்க அண்ணாச்சி. வேல கெடக்கு" என்றாள்.